பேயைக் கண்டு அலறும் அம்மா

கோவை சரளா அலறினால் எங்கள் சந்து முழுக்கக் கேட்கும். மண்ணூர்பேட்டையில் வீடுகள் அப்படி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. கோடை விடுமுறையில் டெலிவிஷனில் 'காஞ்சனா' போட்டால் மூன்று வீட்டிலாவது ஒரே சமயத்தில் ஓடும். எதிர் வீட்டில் கேபிள், மாடியில் டிஷ். ஆகையால் அதே அலறல் ஒரு நொடி தள்ளி இரண்டாவது தடவையும் வரும்! எஸ்டேட்டில் ஷிப்டு முடிந்து வந்த பெண்கள், பாத்திரம் தேய்த்த கையைப் புடவையில் துடைத்தபடி நின்றுகொண்டே பார்ப்பார்கள். குழந்தைகளோ கண்ணைப் பொத்திக்கொண்டு விரல் இடுக்கால் பார்க்கும்.

போன விடுமுறையில் எதிர் வீட்டுப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, அந்தப் படம் பார்த்ததிலேர்ந்து சின்னவன் ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாப் போக மாட்டேங்கறான். நானும் கூட வந்து வாசல்ல நிக்கணுமாம். ஆனா மறுபடியும் போட்டா ஓடி வந்து முதல்ல உட்கார்றவனும் அவன்தான். பார்க்க விடலாமா, வேண்டாமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படத்திலும் இதே கதைதானே! கல்யாண வயதில் இருக்கும் பிள்ளை, இருட்டினால் வெளியே போகமாட்டான். ராத்திரி எழுந்தால் பாத்ரூம் வாசலில் அம்மா காவல் நிற்க வேண்டும். பயம் அதிகமானால் அம்மாவின் இடுப்பில் தாவி ஏறிக்கொள்வான். அந்த அம்மாள் கோவை சரளா. அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த அம்மாளைப் பற்றிப் பேச வேண்டும். பேய்ப்படம் என்றால் பேயைப் பற்றி எழுதுகிறார்கள், கதாநாயகனைப் பற்றி எழுதுகிறார்கள். பயப்படுகிறவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

சரளா கோயம்புத்தூர்க்காரர் என்பதைப் பெயரே சொல்லிவிடும். 1979-ல் வந்த 'வெள்ளி ரதம்' படத்தில் அறிமுகமானார். 1983-ல் பாக்யராஜின் 'முந்தானை முடிச்சு' படத்தில் ஒரு சின்ன வேடம், கர்ப்பிணிப் பெண். 1985-ல் 'சின்ன வீடு' வந்தது. அதில் பாக்யராஜுக்கு அம்மா! இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். பாக்யராஜ் அவரைவிட வயதில் மூத்தவர். இருபது சொச்சம் வயதுப் பெண்ணுக்கு நரைத்த தலையை வைத்து, மூத்தவரை "மகனே" என்று கூப்பிடச் சொன்னார்கள். அந்த வயதில் மற்ற பெண்கள் டூயட் பாட்டுக்கு வாய்ப்புக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

நம் சினிமாவில் அழகுப் பெண்ணுக்கு வேலைக்காலம் குறைவு; கிழவிக்கு நீளம். சரளா தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, நீளமான வழியில் போய்விட்டார். முதலிலேயே கிழவியாகிவிட்டவரை அப்புறம் யார் "வயசாயிடுச்சு" என்று ஒதுக்க முடியும்?

அவருக்கு முன்னால் சிரிக்கவைத்த பெண்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. என்.எஸ். கிருஷ்ணனோடு டி.ஏ. மதுரம், காளி என். ரத்தினத்தோடு சி.டி. ராஜகாந்தம், தங்கவேலுவோடு எம். சரோஜா. பெரும்பாலும் ஜோடி ஜோடியாகத்தான் இவர்களைச் சொல்கிறோம். கடை இரண்டு பேருக்கு. பெயர்ப்பலகையில் முதல் பெயர் ஆணுடையது. டி.பி. முத்துலட்சுமி தனியாகவும் நின்றார். ஆச்சி மனோரமா வந்த பிறகுதான் பெண் தனியாக நின்று அரங்கை அள்ள முடியும் என்பது சட்டமாகிற மாதிரி ஆயிற்று. 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தின் ஜில் ஜில் ரமாமணியை யார் மறப்பார்கள்? 2015-ல் ஆச்சி மறைந்தபோது அந்த நாற்காலி யாருக்கு என்று பேச்சு வந்தது. நாற்காலிக்கு என்ன, இருக்கட்டும். சரளா அதற்குள் தரையிலேயே உட்கார்ந்து ஒரு பெரிய கூட்டத்தைச் சேர்த்துவிட்டிருந்தார்.

'கரகாட்டக்காரன்' (1989) படத்தில் கவுண்டமணி, செந்திலோடு கரகக் கோஷ்டியில் அவரும் உண்டு. தொண்ணூறுகளில் வடிவேலுவோடு ஜோடி சேர்ந்தார். வி. சேகர் எடுத்த 'காலம் மாறிப்போச்சு' (1996), 'விரலுக்கேத்த வீக்கம்' (1999) மாதிரியான குடும்பப் படங்களை நம்மில் பலர் பார்த்திருப்போம். மாதச் சம்பளம், கடன், குடிக்கிற புருஷன், பேச்சுக் கேட்காத புருஷன் என்று நம் வீட்டுக் கணக்குப் புத்தகத்தையே கதையாக்கிய படங்கள். அதில் சரளா புருஷனை விரட்டி விரட்டி அடிப்பார். தியேட்டர் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு.

எனக்கு அந்தச் சிரிப்பில் முழுச் சம்மதம் கிடையாது. பெண் கோபப்பட்டால் அது தமாஷ், ஆண் கோபப்பட்டால் அது வீரம் என்கிற பழைய கணக்குத்தான் அதற்குள் இருக்கிறது. அடி என்பது யார் கொடுத்தாலும் சிரிக்கிற விஷயம் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காட்சிகளில் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டல் வேறு ரகம். வீட்டில் வாயைத் திறக்க முடியாதவர்கள் கொட்டகையில் திறந்துகொண்டார்கள். சினிமாவுக்குச் சிரிக்காத என் மாமியாரே அன்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

இடையில் 1995-ல் ஒரு அதிசயம் நடந்தது. பாலு மகேந்திரா இயக்கிய 'சதி லீலாவதி'யில் கமல்ஹாசனுக்கு மனைவியாகச் சரளா. காமெடிக்கு ஓரமாக வந்துபோகிற மனைவி இல்லை. படத்தில் அவருக்கு ஜோடியே இவர்தான். இரண்டு பேரும் கொங்குத் தமிழ் பேசுகிற டாக்டர் வீட்டுத் தம்பதி. கிராமத்துப் பெண், வெகுளி. ஆனால் புருஷன் பொய் சொன்னால் உடனே மோப்பம் பிடிக்கிறவள். லீலாவதியாக நடித்த மலையாள நடிகை கல்பனாவையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். பருமனாக இருப்பதால் கணவனுக்கு அலுத்துப்போன மனைவி வேடம். அழுகையும் சிரிப்புமாக என்ன அழகாகச் செய்தார்! 2016-ல் காலமாகிவிட்டார். அந்தப் படத்தில் கதாநாயகிக்கு உரிய அளவுகோல் எதுவும் இல்லாத இரண்டு பெண்கள் கதையைத் தோளில் தூக்கினார்கள்.

இனி பேய்க்கு வருவோம்.

நம் பழைய பேய்ப்படங்களில் பேய் என்றால் வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், தூரத்தில் ஒரு பாட்டு. 'யார் நீ?' (1966) படத்தில் ஜெயலலிதா வெள்ளைப் புடவையில் வந்தாரே, அந்த மாதிரி. பிறகு 'மை டியர் லிசா' (1987), '13-ஆம் நம்பர் வீடு' (1990) எல்லாம் வந்தன. அவற்றைக் குழந்தைகளோடு பார்க்க முடியாது. பெரியவர்களே விளக்கைப் போட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

ராகவா லாரன்ஸ் 2007-ல் 'முனி' எடுத்தார். பிறகு 'காஞ்சனா' (2011), 'காஞ்சனா 2' (2015), 'காஞ்சனா 3' (2019). பேய்க்குப் பயந்த பிள்ளை மேலேயே பேய் ஏறிக்கொள்ளும். அது தனக்கு அநியாயம் செய்தவனைப் பழிவாங்கும். நான்கு படத்திலும் எலும்புக்கூடு இதுதான். ஆனால் அந்தப் பேய்கள் யார் என்று பாருங்கள். 'முனி'யில் அரசியல்வாதியிடம் ஏமாந்த ஏழை. 'காஞ்சனா'வில் ஒரு திருநங்கை. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர், தான் படிக்க முடியாததை வளர்ப்பு மகளுக்குக் கொடுத்து டாக்டராக்கியவர், ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்டவர். சரத்குமார் அந்த வேடத்தை ஏற்று நடித்தது பெரிய துணிச்சல். 'காஞ்சனா 2'-ல் கால் ஊனமான ஒரு பெண். நித்யா மேனன் செய்தார். பேயைவிட உயிரோடிருக்கிற மனிதர்கள்தான் கொடூரம்.

இந்தப் படங்களில் கதாநாயகிகள் மாறிக்கொண்டே போனார்கள். வேதிகா, லட்சுமி ராய், டாப்ஸி, ஓவியா. வேதிகா மட்டும் முதல் படத்துக்குப் பிறகு 2019-ல் மறுபடியும் வந்தார். காஞ்சனா என்று பெயர் வைத்த மூன்றிலும் மாறாமல் இருந்த பெண் அம்மாதான். கதாநாயகி மாறினால் படம் ஓடும். அந்த அம்மா மாறினால் ஓடாது என்று எடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏன் ஓடாது? 'காஞ்சனா'வில் மாமியாரும் மருமகளுமாகச் சரளாவும் தேவதர்ஷினியும் வீட்டில் பேய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிற காட்சிகளை நினைத்துப் பாருங்கள். பேய் கொஞ்ச நேரம்தான் வருகிறது. அதற்கு முன்னால் நீண்ட நேரம் நாம் பார்ப்பது இரண்டு பெண்களின் முகத்தைத்தான். "நீ முன்னாடி போ", "இல்லத்தே, நீங்க போங்க" என்கிற தள்ளுமுள்ளு. பேய் வந்தாலும் மாமியார் மருமகள் சண்டை நிற்பதில்லை! வெற்று இருட்டு பயமாக இருக்காது. அந்த இருட்டைப் பார்த்து ஒருத்தி நடுங்கினால்தான் பயம். அந்த நடுக்கத்தையே ஒரு இழை அதிகமாக இழுத்தால் சிரிப்பு. இழை எங்கே அறுகிறது என்பது சரளாவுக்கு அத்துப்படி. முதலில் பேச்சு வேகமாகும். பிறகு சொல் குழறும். கடைசியில் சத்தம் மட்டும் வரும்.

2020-ல் இதே 'காஞ்சனா'வை லாரன்ஸே 'லக்ஷ்மி' என்று ஹிந்தியில் எடுத்தார், அக்ஷய்குமார் நடித்தார். அதில் கதாநாயகன் பேய்க்குப் பயப்படுகிறவன் இல்லை, போலிச் சாமியார்களை அம்பலப்படுத்துகிற பகுத்தறிவுக்காரன். வீட்டில் இருப்பது அவனுடைய அம்மா இல்லை, மாமியார். பாத்ரூம் வாசலில் காவல் நிற்கும் அம்மா போய்விட்டாள். எனக்கு அது உப்பில்லாத குழம்பு மாதிரி இருந்தது.

சரி, எதிர் வீட்டுப் பெண்ணின் கேள்வி. சின்னக் குழந்தைகள் பயம் வந்தால் முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்க்கும். 1985-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு மேஜைமேல் தவழவிட்டார்கள். பாதியில் பள்ளம் மாதிரித் தெரியும். மேலே கண்ணாடி இருப்பதால் விழமாட்டார்கள். அக்கரையில் அம்மா. அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 அந்தப் பள்ளத்தைத் தாண்டி வந்தன. அம்மா பயந்த முகத்தைக் காட்டியபோது 17-ல் ஒன்றுகூட வரவில்லை.

ஆகையால் படம் ஓடுகிறபோது பக்கத்தில் நீங்கள் இருக்கிறீர்களா, எந்த முகத்தோடு இருக்கிறீர்கள் என்பதுதான் முதல் விஷயம். சரளாவின் அலறலுக்கு நீங்கள் சிரித்தால் குழந்தை அதை விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளும். நீங்கள் சமையலறையில் இருந்து, அது தனியாகப் பார்த்தால் கதை வேறு. அதிலும் நாலு, ஐந்து வயதுக் குழந்தைக்கு நிஜம் எது, கற்பனை எது என்று பிரிக்கத் தெரியாது. "அது சும்மாடா, மேக்கப்புடா" என்றால் தலையை ஆட்டும். விளக்கை அணைத்ததும் மறந்துவிடும். அந்த வயதுக்கு இந்தப் படங்கள் வேண்டாம் என்றுதான் சொன்னேன். 2023-ல் சட்டத்தைத் திருத்தியபிறகு யு/ஏ சான்றிதழையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். புதுப் படங்களுக்கு அதைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கலாம்.

பார்த்துவிட்டுப் பயந்துபோன குழந்தையை என்ன செய்வது? கூடப் போய் நில்லுங்கள். "ஆம்பளப் பிள்ள, வெக்கமா இல்ல?" என்று கேட்கவேண்டாம். பத்து நாள் வாசலில், அப்புறம் நடையில், அப்புறம் படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தால் போதும். மெல்லிய விளக்கு ஒன்று எரியட்டும். படுக்கப் போகும் முன் இரண்டு மணி நேரம் டெலிவிஷனும் செல்போனும் ஓயட்டும். சாப்பிட வைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். பகலில் பூச்சாண்டியை அழைத்துவிட்டு ராத்திரி அவன் வந்தால் பிள்ளையை எப்படிக் கோபித்துக்கொள்வது?

இன்னொன்று. கெட்ட கனவு பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில் வரும். குழந்தை விழித்து அழும், கனவைச் சொல்லும், அணைத்துக்கொண்டால் அடங்கும். தூங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் திடீரென்று வீறிட்டு எழுந்து, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல், வியர்த்துக்கொட்டினால் அது வேறு. தூக்கத்தில் வருகிற திகில். உலுக்கி எழுப்பவேண்டாம். கீழே விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் தானாகப் படுத்துவிடும். காலையில் அதற்கு நினைவே இருக்காது. வேப்பிலை அடிக்க ஓடவேண்டாம். படுக்கை நனையாமல் ஆறு மாதத்துக்கு மேல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பித்தால் பேய்ப்படத்தின் தலையில் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். சிறுநீரில் கிருமித் தொற்றாக இருக்கலாம், அபூர்வமாகச் சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். குழந்தைகள் டாக்டரிடம் காட்டுங்கள்.

இவ்வளவு பயந்து நடுங்கிச் சிரிக்கவைத்த சரளா, 2022 டிசம்பர் 30 அன்று வெளியான 'செம்பி'யில் ஒரு பாட்டியாக வந்தார். பிரபு சாலமன் இயக்கியது. கொடைக்கானல் மலையில் தேனெடுத்து விற்றுப் பிழைக்கும் பழங்குடிப் பெண் வீரத்தாய். அவளுடைய பத்து வயதுப் பேத்தியைச் சிலர் சீரழித்துவிடுகிறார்கள். கிழவி அந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு பஸ்ஸில் ஏறுகிறாள். அங்கே இருக்கிற ஜனங்களும் ஒரு வக்கீலும் என்ன செய்கிறார்கள் என்பது மீதிக் கதை. படத்தில் பேச்சு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கிறது. ஆனால் சரளாவின் முகத்தைப் பாருங்கள். சுருக்கம் விழுந்த தோல், சடை பிடித்த தலை, குரலில் அந்தப் பழைய சத்தமே இல்லை. 'சின்ன வீடு' காலத்தில் மாவு பூசிக் கிழவியானவர், 37 வருஷம் கழித்து உண்மையான கிழவியாகியிருந்தார். இவரால் இதுவும் முடியும் என்று அதுவரை யாரும் கேட்டுப் பார்க்கவில்லையே!

இந்தப் படத்தைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்கவேண்டாம். தாய்மார்கள் தனியாகப் பாருங்கள். குழந்தைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தில் நாம் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. இப்படி நடந்ததாகத் தெரிந்த எவரும் புகார் சொல்லியாக வேண்டும். குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுக்கவேண்டியதில்லை; அதன் வீட்டிலேயே, கூடுமானவரை பெண் அதிகாரியைக் கொண்டு வாக்குமூலம் எடுக்க வேண்டும், காக்கி உடுப்பு இல்லாமல். பெயரும் அடையாளமும் பத்திரிகையில் வரக்கூடாது. 1098 என்கிற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள். எதிர் வீட்டுப் பெண்ணுக்கு அந்த எண்ணைக் காலண்டர் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். "பேய்க்கா அக்கா?" என்றாள். "இல்லடி" என்றேன், புரிந்துகொண்டாள்.

'செம்பி'க்குப் பிறகு இனிமேல் கனமான வேடங்கள்தான் வரும் என்று நினைத்தேன். 2024-ல் 'அரண்மனை 4' வந்தது. சுந்தர் சி.யின் அந்த வரிசையில் முதல் இரண்டு படத்திலும் இருந்தவர், இதிலும் யோகி பாபுவோடு அதே பெரிய வீட்டுக்குள், அதே இருட்டில், அதே குரலோடு மறுபடியும் வந்து நின்றார்.